065 எப்படி 53 ஆகிறது: யாமல் கோப்போடு சில வருடங்கள்

மட்டக்களப்பில் ஒரு பலசரக்குக் கடைக்கு ஓடர் எடுக்கும் மென்பொருளைச் சில வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். பைதன் என்ற நிரல்மொழியில் எழுதியது. கல்முனையிலும் அம்பாறையிலும் கடைக்குக் கிளைகள் உண்டு. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் ஊரிலுள்ள தாய் தகப்பனுக்குச் சாமான் அனுப்புவதும் இதற்குள்ளால்தான். கடையின் விலைக்கழிவு, நேரம், தொலைபேசி எண் போன்ற அமைப்புகள் (செட்டிங்ஸ்) முழுவதும் ஒரே யாமல் (YAML) கோப்பில். யாமல் என்பது இப்படியான விபரங்களைச் சாதாரண உரையாக எழுதிவைக்கும் ஒரு வடிவம். அதோடு மாரடித்த கதையைச் சொல்கிறேன்.

நல்லதையும் சொல்லவேண்டும். வாசிக்க இலகு, அடைப்புக்குறிக் காடு இல்லை. முதலாளியே திறந்து விலைக்கழிவை மாற்றிவிட்டுப் போவார். டாப் விசையால் இடம் விட்டால் பிழை காட்டி நின்றுவிடும். அது பரவாயில்லை, பிழை என்றாவது சொல்கிறதே.

சொல்லாமல் மாற்றுகிற இடங்கள்தான் தலையிடி. மட்டக்களப்புக்குத் தொலைபேசிக் குறியீடு 065, கல்முனைக்கு 067, அம்பாறைக்கு 063. கோப்பில் அப்படியேதான் இருந்தன. பற்றுச்சீட்டில் 53, 55, 51 என்று அச்சாகி வந்தன. யாமலின் 1.1 பதிப்பு, பூச்சியத்தில் தொடங்கும் எண்ணை எட்டின் அடியில் எழுதிய எண்ணாக எடுக்கும். ஆறெட்டு நாற்பத்தெட்டு, அதோடு ஐந்து, 53. கணக்குச் சரி, ஆனால் கணக்குப் பார்க்கச் சொன்னது யார்? 1.2 பதிப்பு 2009இல் வந்துவிட்டது. யாமலை வாசிக்கப் பைதன்காரர் வழமையாக எடுக்கும் பையாமல் என்ற நிரல் நூலகமோ இன்னும் 1.1 வழியில்தான் போகிறது. 1.2இன்படி வாசித்தாலும் பெரிய ஆறுதல் இல்லை, 065 வெறும் 65 ஆகிவிடும்.

முழுத் தொலைபேசி எண்கள் இன்னும் பொல்லாதவை. எட்டோ ஒன்பதோ கலந்த எண் எட்டின் அடியில் எழுதிய எண்ணாக இருக்க முடியாது என்பதால் எழுத்தாகவே தப்பிவிடும். மற்றவை சிதைந்துபோகும். ஒரு கிளைக்கு அழைப்புப் போகும், அடுத்ததுக்குப் போகாது. “லைன் கோளாறாக்கும் தம்பி” என்று முதலாளி தொலைபேசிக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார்.

நாட்டுப் பட்டியலில் கனடாவும் சுவிஸும் ஒழுங்காக வந்தன, நோர்வேயைக் காணவில்லை. அதன் ஈரெழுத்துக் குறியீடான என்ஓ (NO), 1.1இன் கண்ணுக்கு ‘இல்லை’ என்கிற விடை. உலகம் முழுக்க இதற்கு நோர்வேப் பிரச்சினை என்றே பெயர். மற்றவர்களுக்கு அது பகிடி. எங்களுக்கு அங்கிருந்து ஓடர் போடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

கடை திறக்கும் நேரத்தை 8:30 என்று எழுதினால் 510 ஆகும், எட்டை அறுபதால் பெருக்கி முப்பதைக் கூட்டிவிடும். 08:30 என்றால் ஒன்றும் ஆகாது. சரி, விடுவோம்.

எல்லாவற்றையும் மேற்கோள் குறிக்குள் போடு, எழுத்தாகவே எடுக்கும் என்பார்கள். எண்களுக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் கடைப் பெடியன் ஒருவன் அதை வேதவாக்காக எடுத்து, கல்முனைக் கிளையின் வெள்ளி மதிய விநியோகத்துக்கு எதிரே ‘இல்லை’ என்பதற்காக இருந்த ‘ஃபால்ஸ்’ (false) என்ற சொல்லையும் மேற்கோளுக்குள் போட்டுவிட்டான். வெறுமையாக இல்லாத எந்த எழுத்துச் சரமும் பைதனுக்கு ‘ஆம்’தான். ஜும்ஆத் தொழுகை நேரத்திலும் ஓடர் போய்க்கொண்டிருந்தது.

இப்போது மென்பொருள் தொடங்கும்போதே, வாசித்த மதிப்புகளையும், எண்ணா எழுத்தா என்று அவற்றின் வகைகளையும் திரையில் காட்ட வைத்திருக்கிறேன். கோப்பில் இருப்பதை நம்பாமல் அந்தத் திரையைத்தான் பார்க்கிறேன். புதிதாக எழுதுகிற நிரல்களுக்கு யாமலுக்குப் பதிலாக டொமல் (TOML) என்ற வேறொரு வடிவம். அதில் 065 என்று வெறுமனே எழுதினால் பிழை சொல்லி நிற்கும், ஆம் இல்லை என்பதற்கும் தலா ஒரே சொல்தான். பைதன் 3.11இலிருந்து டொமல் வாசிப்பான் கூடவே வருகிறது, ஆனால் அது வாசிக்க மட்டும்தான், திருப்பி எழுதாது. அடுக்குக்குள் அடுக்காகப் போகும் தரவை அதில் எழுதுவதும் அலுப்பு.

கடையின் பழைய கோப்பு இன்னும் யாமலில்தான் இருக்கிறது. முதலாளிக்குக் கை பழகிவிட்டது, அவரை மாற்ற எனக்குப் பொறுமை இல்லை.