சல்லடையா, கண்ணா? வேலூர்ப் பக்கம் பொடிநத்தை தேடுவோருக்கு

ஐந்து மில்லிமீட்டருக்கும் சிறிய நில நத்தைகளான பொடிநத்தைகளைத் தேட மூன்று வழிகள் உண்டு: குனிந்து கண்ணால் தேடுவது, சருகை அள்ளிச் சலிப்பது, வெள்ளம் வடிந்தபின் ஆற்றோரக் குப்பையைக் கிளறுவது. வேலூர் வட்டாரத்தில் முதலிடம் சல்லடைக்கே. நத்தை ஓட்டுக்குச் சுண்ணாம்பு வேண்டும். இங்குள்ள கருங்கல் மலைகளில் அது குறைவு. அதனால் நத்தைகள் எங்கும் பரவியிராமல் திட்டுத்திட்டாக ஒதுங்கியிருக்கும். பழைய காரைச் சுவரடி, கிணற்றோரக் கல்கட்டு, புங்கமரத்தடிச் சருகு, நர்சரித் தொட்டி ஆகிய இடங்களில் பார்க்கலாம். மலைக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை.

கண்ணால் தேட ஏற்ற நேரம் மழைக்கு மறுநாள் விடிகாலை. பங்குனி, சித்திரையில் தேடினால் வெறுங்கைதான். நத்தை ஓட்டுவாயைச் சவ்வால் அடைத்துக்கொண்டு இடுக்கில் கிடக்கும். கல்லைக் குச்சியால் புரட்டுங்கள், தேள் இருக்கும். பார்த்து முடித்ததும் கல்லை இருந்தபடியே வையுங்கள். இந்த வழியில் நத்தை உயிரோடு கிடைப்பதால் உடல் நிறத்தைப் பார்க்கலாம், வாய்மூடி (ஓட்டுவாயை அடைக்கும் கெட்டியான மூடி) உள்ள இனமா என்றும் தெரியும். சயத்தோபோமா போன்ற நத்தைகளுக்கு அந்த மூடி முக்கிய அடையாளம். மரப்பட்டையிலும் இலையடியிலும் ஒட்டி வாழும் புப்பிசோமா நத்தை சருகுச் சல்லடையில் அநேகமாகச் சிக்காது. கிளைக்கடியில் வெள்ளைத் துணி பிடித்துத் தட்ட வேண்டும். ஆனால் கண் எப்போதும் பெரியதையும் வெளிறியதையும்தான் பொறுக்கும். இரண்டு மில்லிமீட்டர் பழுப்பு ஓடு மண் உருண்டையாகவே தோன்றும்.

சல்லடைக்கு இந்தக் குறை இல்லை. ஓரிடத்தில் சருகும் மேல்மண்ணுமாக இரண்டு லிட்டர் போதும். துணிப்பையில் அள்ளுங்கள், பிளாஸ்டிக் பையில் புழுங்கி அழுகும். கண்ணில் படும் உயிருள்ளவற்றை முதலில் எடுத்துவிட்டு, மீதியை நிழலில் செய்தித்தாளில் பரப்பி இரண்டு மூன்று நாள் உலர்த்துங்கள். ஈரத்தோடு சலித்தால் மண் கட்டிகட்டியாகி ஓட்டையும் சேர்த்து ஒளித்துக்கொள்ளும். முதலில் 10 மி.மீ. கண்ணுள்ள வலை, அடுத்து 2 மி.மீ., கடைசியில் அரை மி.மீ. வீட்டு மாவு சல்லடையில் ஒரு சென்டிமீட்டருக்குப் பன்னிரண்டு, பதிமூன்று கண் இருந்தால், கம்பித் தடிப்புப் போக ஏறக்குறைய அரை மி.மீ. வரும். ரவை சல்லடை வேண்டாம், பொடிசு எல்லாம் கீழே போய்விடும். 2 மி.மீ., அரை மி.மீ. ஆகிய இரண்டு சல்லடைகளிலும் தங்கியதை ஒவ்வொரு ஸ்பூனாக வெள்ளைத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பிப் பாருங்கள். ஓட்டை எடுக்க நுனி நனைத்த பெயிண்ட் பிரஷ். இடுக்கி பட்டால் நொறுங்கும்.

இந்த வேலையைக் குறைக்க, உலர்ந்த மண்ணைத் தண்ணீரில் கொட்டி மிதப்பதை அள்ளுவோர் உண்டு. வேகமான வழிதான். ஆனால் காற்றடைத்த வெற்று ஓடு மட்டுமே மிதக்கும். மண்ணடைத்ததும் உயிருள்ளதும் மூழ்கும். அடியில் தங்கியதைப் பார்க்காமல் கொட்டினால் பாதி போச்சு.

பாலாற்றோரக் குப்பையில் ஒரு கைப்பிடியிலேயே நிறைய ஓடு கிடைக்கலாம். ஆனால் ஆறு நந்தி மலையில் பிறந்து ஆந்திரா வழியாக வருவது. ஓடு எந்த ஊருடையது என்று சீட்டு எழுத முடியாது. கண்ணைப் பழக்க மட்டும் பயன்படுத்துங்கள்.

அடையாளம் காண 10 மடங்கு கைலென்ஸ் போதும் என்பது பாதி உண்மை. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, ஓட்டை அதனருகே கொண்டுவர வேண்டும். கையை நீட்டிப் பிடித்தால் பயனில்லை. ஓட்டு வாயில் பல் (பல் போன்ற முண்டு) உண்டா என்பது தெரியும், மேற்பரப்பின் நுண்வரி தெரியாது. பெட்டியில் ‘1000 மடங்கு’ என்று போட்ட யு.எஸ்.பி. மைக்ராஸ்கோப்பை நம்பாதீர்கள், அது திரையில் பெரிதாகத் தெரியும் அளவு. காசு இருந்தால் 10 முதல் 40 மடங்குவரை காட்டும் ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பே சரி. இல்லையென்றால் போனில் மேக்ரோ லென்ஸ், பக்கவாட்டு வெளிச்சம், அடியில் ஒரு மி.மீ. கட்டம் போட்ட கிராப் தாள். உச்சி, வாய், அடித்தொப்புள் (ஓட்டின் அடிப்பக்க நடுக்குழி) என மூன்று கோணமும் வேண்டும். ஓட்டின் சுற்றுகளை உச்சிக்கு நேர்மேலிருந்து பார்த்து, அரைச் சுற்றுத் துல்லியமாக எண்ணுங்கள்.

அதிகம் ஏமாற்றுவது குஞ்சு. வயலில் திரியும் பெரிய நத்தையான கிரிப்டோசோனாவின் குஞ்சைப் பொடிநத்தை என்று எழுதிவிடுவார்கள். உதடு (ஓட்டுவாயின் விளிம்பு) தடித்திருந்தால் முதிர்ந்தது என்ற விதி பலவற்றுக்குப் பொருந்தும். கூம்பு வடிவக் கேலியெல்லாவுக்குப் பொருந்தாது. முதிர்ந்தாலும் அதன் உதடு மெல்லியதுதான். தொட்டிகளில் ஒல்லியாகக் கிடைப்பவற்றில் வாயில் பல் இருந்தால் ஹட்டோனெல்லா பைகலர், மற்ற நத்தைகளைத் தின்னும் இனம். பல்லே இல்லாமல் நீண்டிருந்தால் அல்லோபியாஸ் கிராசைல் என்று பாருங்கள்.

சல்லடை ஓடு பளபளப்பாக, ஒளி ஊடுருவினால் அண்மையில் இறந்தது. சுண்ணாம்பாய் வெளுத்திருந்தால் பழையது, அது இன்றைக்கு அங்கே வாழ்கிறது என்று எழுதாதீர்கள். ஓட்டை மரப்பெட்டியில் வைக்காமல் கண்ணாடிக் குப்பியில் வையுங்கள், மரத்தின் அமில ஆவி அரிக்கும். ஃபார்மலினும் அப்படித்தான். உடலோடு வைக்க 70 சதவீத எத்தனால். இடம், தேதி எழுதிய பென்சில் சீட்டு குப்பிக்குள்ளேயே இருக்கட்டும். அமிர்தி, ஜவ்வாது மலைக் காப்புக்காடுகளில் ஒரு பிடி சருகு அள்ளவும் வனத்துறை அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள்.