வளாகப் பாகுபாடு: அமெரிக்கக் கல்வித் துறையின் புகார்ச் சேவை எப்படி?

இனம், நிறம், பூர்வீக நாடு காரணமாகப் பல்கலைக்கழகம் பாகுபாடு காட்டினால் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகத்தில் புகார் செய்யலாம். கட்டணமில்லை, வக்கீல் வேண்டாம், இணையப் படிவம் போதும். இதுவரை நல்ல சேவைதான்.

சிக்கல் கெடுவில். சம்பவம் நடந்த 180 நாளுக்குள் புகார் போக வேண்டும். அந்தக் கெடுவுக்குள் பல்கலைக்கழகத்திடமே முறையிட்டு, அது இழுத்தடித்திருந்தால், உள்விசாரணை முடிந்த 60 நாளுக்குள் விலக்குக் கேட்கலாம். உங்கள் பெயரைப் பல்கலைக்கழகத்திடம் வெளியிடச் சம்மதிக்கும் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டு அனுப்பாவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். 'மோசமாக நடத்தினார்கள்' என்று மட்டும் எழுதினால் எடுபடாது. அதே விதியை மீறிய வேறு மாணவருக்கு என்ன தண்டனை என்ற ஒப்பீடுதான் புகாருக்கு முதுகெலும்பு.

போராடியதற்காக இடைநீக்கமானவர்களுக்கு இது கைகொடுக்காது. பேச்சுரிமை இந்த அலுவலகத்தின் வேலையல்ல. அரசுப் பல்கலைக்கழகமென்றால் பேச்சுரிமை தரும் அரசியலமைப்பின் முதல் திருத்தத்தைக் காட்டி நீதிமன்றம் போகலாம். தனியாரென்றால் மாணவர் கையேட்டில் தந்த வாக்குறுதியைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். கலிபோர்னியாவில் தனியார் கல்லூரி மாணவர்களின் பேச்சுரிமையையும் காக்கும் 1992 லியோனார்ட் சட்டம் இருக்கிறது, மதச்சார்புக் கல்லூரிகளுக்கு விலக்குடன். மதமும், இந்த அலுவலகம் இனப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்கும் அடிப்படையான 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் 6ஆம் பிரிவில் இல்லை. யூத, முஸ்லிம் மாணவர்கள் 'பொது வம்சாவளி' (ஒரே இன மூதாதையர் வழி வந்தவர்கள் என்ற அடிப்படை) வழியாகத்தான் நுழைய முடியும்.

2025 மார்ச்சில் இந்த அலுவலகத்தின் 12 வட்டாரக் கிளைகளில் 7ஐ மூடுவதாக அறிவித்தார்கள். வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.