மதுரை உழவர் சந்தைக்குப் பையோடு போங்கள், பட்டியலோடு போகாதீர்கள்

எங்கள் வீட்டில் ஐந்து பேர். மனைவிக்குக் காலை ஷிப்ட் என்பதால் சமையல் என் பொறுப்பு. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. பெரியவன் பத்தாம் வகுப்பு, எந்நேரமும் பசி. சின்னவள் காயைக் கண்டாலே தட்டின் ஓரத்தில் ஒதுக்குவாள். இத்தனை பேருக்கும் ஒரு சம்பளத்து அளவில் நல்ல சாப்பாடு போட முடிகிறது என்றால், பாதிக் காரணம் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் உழவர் சந்தைதான். மதுரையில் இதுபோல் பல சந்தைகள் இருந்தும், போகாதவர்கள் இன்னும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறந்ததே நம் ஊரில்தான். 1999 நவம்பர் 14 அன்று, கலைஞர் முதல்வராக இருந்தபோது, அண்ணா நகரில். நடுவில் யாரும் இல்லாமல் விளைவித்தவரே வந்து விற்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதிகாரிகள் நிலத்தையும் பயிரையும் சரிபார்த்து, போட்டோ ஒட்டிய அடையாள அட்டை கொடுக்கிறார்கள். கடைக்கு வாடகை கிடையாது. அன்றன்றைய விலையைக் காலையிலேயே முடிவு செய்து பலகையில் எழுதிவிடுவார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூட, வெளிக்கடை விலையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்பது கணக்கு. பேரம் பேசும் வேலையே இல்லை. வெயிலில் நின்று விளைவித்தவரிடம் இரண்டு ரூபாய்க்கு மல்லுக்கட்ட எனக்கு மனசு வராது, அதனால் இந்தப் பலகையை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இந்தப் பலகையை வைத்துத்தான் எங்கள் வீட்டுச் சமையலே நடக்கிறது. என்ன குழம்பு என்று முடிவு செய்துகொண்டு சந்தைக்குப் போனால் செலவு கூடும். எது மலிவாகவும் நிறையவும் வந்திருக்கிறதோ அதை வாங்கிக்கொண்டு, குழம்பை அப்புறம் முடிவு செய்ய வேண்டும். எது நிறைய வருகிறதோ அதுதான் அந்தப் பருவத்துக் காய், ருசியும் அதில்தான் இருக்கும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது எங்கள் வீட்டில் தக்காளியே வாங்கவில்லை. சுண்டைக்காய் வத்தக்குழம்பு, மோர்க்குழம்பு, பூசணிக்காய் புளிக்குழம்பு என்று மாறி மாறி ஓடியது. யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை.

கீரைக்காகவே இந்தச் சந்தைக்குப் போகலாம். அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, முருங்கை என்று ஒரு வரிசையே இருக்கும். ஆறரை மணிக்குள் போனால் வேரில் ஈர மண் ஒட்டிய கட்டாகக் கிடைக்கும். வேரை நகத்தால் கீறிப் பாருங்கள், பச்சை வாசனை வந்தால் அன்று பறித்தது. நான் வழக்கமாக வாங்கும் அக்கா, கட்டை எடுத்துக் கொடுக்கும்போதே, "தம்பி, இது முத்தல், கடைசலுக்கு ஆகாது, பொரியலுக்கு வச்சுக்க" என்று சொல்லிவிடுவார். வாங்கிய பிறகு கறிவேப்பிலை, மல்லித்தழை கொசுறாகப் பையில் விழும். ஏசி போட்ட கடையில் பிளாஸ்டிக் உறையில் கிடக்கும் கீரைக்கு யார் இப்படிப் பக்குவம் சொல்லப் போகிறார்கள்?

இரண்டு கட்டு சிறுகீரை, 100 கிராம் பாசிப்பருப்பு, அரை மூடி தேங்காய், கொஞ்சம் சீரகம், பூண்டு. ஐந்து பேருக்கும் போதுமான கூட்டு 70 ரூபாயைத் தாண்டாது. சாம்பாருக்கு ரேஷன் துவரம்பருப்பு, கிலோ 30 ரூபாய். கொஞ்சம் கூடுதல் நேரம் ஊறவைத்தால் நன்றாகவே குழையும். கீரையில் இருக்கும் இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி துணை வேண்டும் என்பதால், அதே சந்தையில் நெல்லிக்காயும் வாங்கித் துவையலாக அரைத்துவிடுகிறேன். சாப்பிட்ட கையோடு காபி குடித்தால் அந்தச் சத்து சரியாகச் சேராது. அதனால் அம்மாவின் மதியக் காபியும் நாலு மணிக்குப் போய்விட்டது. முதலில் முணுமுணுத்தார், இப்போது பழகிவிட்டது.

சின்னவளை மாற்றியது வாழைப்பூ. அதை ஆய்வதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் நிறையப் பேர் தொடுவதில்லை, அதனால்தான் விலையும் குறைவு. ஒவ்வொரு மடலாகப் பிரித்து, பூவின் நடுவில் குச்சிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் கள்ளனையும், அடியில் கண்ணாடித் தாள்போல் இருக்கும் செதிலையும் எடுத்துவிட வேண்டும். நறுக்கியதை அப்படியே மோர் கலந்த தண்ணீரில் போட்டுவிட்டால் கறுக்காது, துவர்ப்பும் குறையும். ஞாயிறு காலையில் பிள்ளைகள் இருவரையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கள்ளன் எடுக்கச் சொன்னேன். தானே ஆய்ந்த பூ என்பதால் வடையைச் சின்னவள் கேட்டு வாங்கித் தின்றாள். அடுத்த வாரம் அதே பூ பருப்பு உசிலியாக வந்தது, அதையும் ஒதுக்கவில்லை.

எல்லாமே இங்கே வாங்க வேண்டும் என்று சொல்ல மாட்டேன். கத்தரி, வெண்டை, அவரை, சுரை, புடலை, பீர்க்கு, வாழைத்தண்டு போன்ற நாட்டுக்காய்களை இங்கே கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ் போன்ற மலைக்காய்களுக்கு வெளிக்கடை விலையோடு பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. உருளைக்கிழங்கு நான் மளிகைக் கடையிலேயே வாங்கிக்கொள்கிறேன். பழத்தில் நாட்டு வாழை, கொய்யா, பப்பாளி நன்றாக இருக்கும். பிள்ளைகளின் டிபன் டப்பாவில் பிஸ்கட்டுக்குப் பதில் கொய்யா போக ஆரம்பித்தது இங்கிருந்துதான்.

துணிப்பை இரண்டு கொண்டுபோங்கள். கீரைக்குத் தனிப்பை, இல்லாவிட்டால் பூசணியின் கனத்தில் நசுங்கிவிடும். பத்து, இருபது ரூபாய்த் தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள், வயதான விவசாயிகள் பலரும் போனில் பணம் வாங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை வண்டி நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம், மழை பெய்தால் நடைபாதை சேறாகிவிடும். முடிந்தால் புதன், வியாழன் போல வாரநாளில் போங்கள், நின்று பார்த்து வாங்கலாம்.

எனக்கு ஒரே ஒரு ஆதங்கம். எங்கள் சந்தையில் பதினொரு மணிக்கெல்லாம் நல்ல காய் தீர்ந்துவிடுகிறது. அதிகாலையில் வேலைக்குக் கிளம்பும் என் மனைவியைப் போன்றவர்களால் அங்கே போகவே முடியாது. சாயங்காலம் ஆறு மணிக்குக் கீரைக் கடை நாலு மட்டுமாவது திறந்திருந்தால், எங்கள் தெருவிலேயே பல வீடுகளில் ராத்திரிச் சாப்பாடு மாறிவிடும்.