கஞ்சா எண்ணெய் ஆலைக்கு எத்தனாலா, கார்பன் டை ஆக்சைடா?

கனடாவில் கஞ்சா 2018 அக்டோபர் 17 அன்று சட்டபூர்வமாயிற்று. மின்கருவியில் ஆவியாக்கி இழுக்கும் வேப் எண்ணெய்க்கும் தின்பண்டங்களுக்குமான விதிகள் நடைமுறைக்கு வர மேலும் ஓராண்டு ஆனது. ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற ஒரு சிறிய ஆலைக்கு எண்ணெய் பிரிக்கும் இயந்திரம் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்தபோது, எண்ணெயைச் செடியிலிருந்து கரைத்தெடுக்கும் கரைப்பானாக, கார்பன் டை ஆக்சைடை விட்டு, குளிர்வித்த எத்தனாலையே (சாராயத்தில் உள்ள ஆல்கஹால்) எடுத்தேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன்.

கார்பன் டை ஆக்சைடு தீப்பிடிக்காது, எண்ணெயில் எச்சம் விடாது, அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து வாசனைப் பொருள்களைத் தனியே எடுக்கவும் இடம் தரும். இவற்றில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் 31 பாகை செல்சியஸுக்கும் 74 பார் அழுத்தத்துக்கும் (ஒரு பார் ஏறக்குறைய சாதாரணக் காற்றழுத்தம்) மேலேதான் அது கரைப்பானாக முழுவீச்சில் வேலை செய்யும். நடைமுறையில் அழுத்தம் நூற்றுக்கணக்கான பாருக்குப் போவதால் கலனும் பம்பும் விலை ஏறிவிடுகின்றன, பம்பின் சீல் தேய்ந்தால் அன்றைய உற்பத்தியே நின்றுவிடுகிறது.

என் முடிவைத் தீர்மானித்தது, எண்ணெயோடு சேர்ந்து வரும் செடியின் மெழுகுதான். கார்பன் டை ஆக்சைடு இயந்திரத்தின் சோதனை ஓட்டத்தில் வெளிவந்த சாறு, உறைந்த நெய்போலக் கெட்டியான மஞ்சள் கூழாக இருந்தது. அதிலிருந்து மெழுகை நீக்க, எத்தனாலில் கரைத்து, இரவு முழுவதும் உறைய வைத்து வடிகட்ட வேண்டியிருந்தது. ஆக, கார்பன் டை ஆக்சைடு இயந்திரம் வாங்கியவரும் எத்தனாலையும் அதற்கான தீப்பாதுகாப்பு அறையையும் ஆவியாக்கியையும் வைத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். எத்தனாலையே கழித்தல் 40 பாகைக்குக் குளிர்வித்து இலையில் செலுத்தினால், மெழுகும் பச்சையமும் பெரும்பாலும் இலையிலேயே தங்கிவிடுகின்றன. குளிர் தவறக் கூடாது என்பதுதான் நிபந்தனை: ஒருநாள் குளிரூட்டி பழுதானபோது, தேன் நிறத்தில் வர வேண்டிய கரைசல் பாசிக் குளத்து நீர்போல வந்தது, கரித்தூளில் வடிகட்டியே இரண்டு நாள் போயிற்று.

எத்தனாலின் உண்மையான செலவு, சுழற்றிப் பிழிந்த பின்னும் சக்கையில் தங்கிவிடும் இழப்புதான். அமெரிக்காவில் 2018 டிசம்பரில் தொழிற்சணல் (போதை தராத கஞ்சா வகை) சட்டபூர்வமானதும் எண்ணெய் ஆலைகள் பெருகி அதிலிருந்து எடுக்கும் சிபிடி என்ற போதை தராத பொருளின் விலை சரிந்ததைப் பார்த்தவர்கள், ஒரு கிலோ எண்ணெய்க்கு எத்தனை லிட்டர் எத்தனால் போகிறது என்பதைத்தான் முதலில் எழுதிவைப்பார்கள். நாங்களும் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் சக்கையை எடைபோட்டுக் குறிக்கிறோம்.

பறித்தவுடன் உறையவைத்த பூவிலிருந்து எடுக்கும் வாசனை மிகுந்த சரக்குக்குப் பியூட்டேன் வாயுவைக் கரைப்பானாக்குவதே பொருத்தம் என்று அதில் பழகியவர்கள் சொல்கிறார்கள். நான் அதை ஓட்டியதில்லை என்பதால் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.