டெக்சஸ் மின் விற்பனையாளருக்கு ஈடிஐ: சொந்தமாகக் கட்டுவதா, வெளியே கொடுப்பதா?

2002-இல் டெக்சஸின் பெரும்பகுதியில் சில்லறை மின்சந்தை திறந்தது. அங்கே மின்சாரம் விற்க ஈடிஐ, அதாவது நிறுவனங்களின் கணினிகள் ஒரே வடிவக் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ளும் முறை, இல்லாமல் முடியாது. ஒவ்வொரு வகைக் கோப்புக்கும் ஓர் எண் உண்டு. குடிவருபவருக்கு இணைப்பு கேட்க 814_16, மாத மீட்டர் கணக்குக்கு 867_03. இரண்டும் டெக்சஸ் மின்கட்டமைப்பை நடத்தும் எர்காட் (ERCOT) வழியாகப் போய்வரும். மின்கம்பிகளையும் மீட்டர்களையும் பராமரிக்கும் கம்பி நிறுவனம் விற்பனையாளருக்கு அனுப்பும் பில்லான 810_02 நேரடியாக வரும்.

சேவை நிறுவனத்திடம் கொடுத்தால் சீக்கிரம் தொடங்கலாம். எர்காட் சந்தைச் சோதனைகள் அவர்களுக்குப் பழக்கம், விதி மாறினாலும் அவர்களே திருத்துவார்கள். ஆனால் செலவு வாடிக்கையாளர் எண்ணிக்கையோடு ஏறும்.

சொந்தமாகக் கட்டுபவர்கள் எக்ஸ்12 (இந்தக் கோப்புகளின் வடிவத் தரம்) கோப்பைப் படிக்கும் நிரலைத்தான் பெரிதாக நினைக்கிறார்கள். அது சுலபம். உண்மையான வேலை அனுப்பிய கோப்புகளையும் வந்த கோப்புகளையும் பொருத்திப் பார்ப்பதில் இருக்கிறது. 997 என்ற ஒப்புகை, கோப்பை ஏற்றதாக வந்தால், அதன் அமைப்பு சரி என்று மட்டுமே பொருள். இணைப்புக் கோரிக்கை ஏற்கப்பட்டது என்பதை 814_05 என்ற பதில் கோப்புதான் சொல்லும். மீட்டர் கணக்கு (867) வந்து, கம்பி நிறுவனத்தின் பில் (810) வராமலும் போகும். ரத்தான மீட்டர் கணக்கு புது அளவோடு திரும்ப வரும்போது, வாடிக்கையாளருக்குப் போன பில்லையும் திருத்தியாக வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் அடிபடுவது ஏதோ ஒரு குடும்பம்.

என் கருத்து: புது நிறுவனம் கோப்புப் பரிமாற்றத்தை வெளியே கொடுக்கட்டும். ஆனால் நிராகரிப்புகளையும் வராத கோப்புகளையும் தினமும் பார்க்கும் ஆள் சொந்த அலுவலகத்தில்தான் உட்கார வேண்டும்.