எஃப்ஐஆர் காப்பி எடுத்துத் தர்றோம்னு சொல்ற சைட்டுக்குப் பணம் கட்டாதீங்க, எனக்கு 6,500 போச்சு

இப்பதான் ஸ்டேஷன்ல இருந்து வந்தேன், வயிறு எரியுது, எரிச்சலோடயே எழுதிடறேன்.

மூணு வாரம் முன்னாடி உளுந்தூர்பேட்டை தாண்டி ஹைவேல வந்துட்டிருந்தோம், முன்னாடி வண்டிங்க ஸ்லோ ஆச்சு, நானும் பிரேக் போட்டேன், பின்னால வந்த லாரி நிக்கல. பின்சீட்ல இருந்த அப்பாவுக்குத் தொடை எலும்பு முறிஞ்சு பிளேட் வச்சிருக்காங்க. போலீஸ் ஆஸ்பத்திரிக்கே வந்து வாக்குமூலம் வாங்கி கேஸ் போட்டாங்க. காப்பி வாங்கி வச்சுக்கணும்னு எனக்கு அப்ப தோணவே இல்ல.

லாரியோட இன்சூரன்ஸ் மேல கிளைம் போட வக்கீல் எஃப்ஐஆர், எம்விஐ ரிப்போர்ட் (மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியப் பாத்துக் குடுக்கறது), ரஃப் ஸ்கெட்ச் (விபத்து நடந்த இடத்தைப் போலீஸ் வரைஞ்ச படம்) மூணும் கேட்டார். ராத்திரி வார்டு வாசல்ல உக்காந்து போன்ல தேடினேன், முதல்லயே வந்துச்சு ஒரு சைட், விபத்து டாக்குமெண்ட் எல்லாம் எடுத்துத் தர்றோம்னு, மேல அரசு முத்திரை மாதிரியே ஒரு படம். நம்பர் போட்டதும் ஒருத்தன் கூப்பிட்டான். எடுத்ததும் பணம் பேசல. "அண்ணா, அப்பா இப்ப எப்படி இருக்காங்க, சாப்பிடுறாங்களா?"ன்னான். அதுலதான் விழுந்தேன். "நீங்க அப்பா பக்கத்துலயே இருங்கண்ணா, ஸ்டேஷன் அலைச்சல் எங்க பொறுப்பு, மூணு நாள்ல வாட்ஸ்அப்புக்கு வந்துடும்"னான். அங்கயே உக்காந்து 6,500 ரூபாய் அனுப்பினேன், ஆர்சி, அப்பாவோட ஆதார் எல்லாம் சேர்த்து.

நாலாவது நாள் கேட்டா சர்வர் டவுன். அப்புறம் ஸ்டேஷன்ல எழுத்து வேலை பாக்கற ரைட்டர் பந்தோபஸ்து டூட்டி போயிருக்கார். அதுக்கப்புறம் ஃபைல் கோர்ட்டுக்குப் போயிடுச்சாம், இன்னும் 2,000 கட்டினா உடனே எடுத்துடலாமாம். முடியாது, என் 6,500 திருப்பிக் குடுன்னேன். அதுவரைக்கும் அண்ணா அண்ணான்னவன் "ரீஃபண்ட் பாலிசி படிங்க சார்"னான். மறுநாள் பிளாக். வீட்டுக்காரம்மா நம்பர்ல இருந்து கூப்பிட்டேன், என் குரல் கேட்டதும் கட் பண்ணிட்டான்.

இன்னைக்கு நேரா ஸ்டேஷனுக்குப் போனேன். ரைட்டர் பேர் கேட்டார், கேஸ் நம்பர் பாத்தார், பிரிண்ட் எடுத்து சீல் போட்டுக் குடுத்துட்டார், பத்து நிமிஷம்கூட ஆகல. "இது உங்களுக்கு ஃப்ரீயா தரவேண்டியதுதானே, யாருகிட்ட சார் 6,500 குடுத்தீங்க?"ன்னு அவர் கேட்டப்ப என்னால பதில் சொல்ல முடியல.

தெரிஞ்சுக்கோங்க. புகார் குடுத்தவருக்கு மட்டுமில்ல, பாதிக்கப்பட்டவருக்கும் எஃப்ஐஆர் காப்பி இலவசம், பழைய சிஆர்பிசிக்குப் பதிலா வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தோட 173வது பிரிவுல இருக்கு. 24 மணி நேரத்துல ஆன்லைன்ல ஏத்தணும்னு சுப்ரீம் கோர்ட் 2016லயே சொல்லிடுச்சு. தமிழ்நாடு போலீஸோட சொந்த சைட்ல மாவட்டம், ஸ்டேஷன், வருஷம், எஃப்ஐஆர் நம்பர் போட்டா பாத்துக்கலாம், விபத்து கேஸ் டாக்குமெண்ட் எடுக்கவும் அங்கயே தனியா வசதி இருக்கு. அட்ரஸ் gov.in-னு இல்லாம வேற எதுல முடிஞ்சாலும் வெளிய வந்துடுங்க. ஆஸ்பத்திரிக்கு வர்ற போலீஸ்காரர்கிட்ட ஸ்டேஷன் பேரும் கேஸ் நம்பரும் அப்பவே எழுதி வாங்கிடுங்க. ஆதார் மட்டும் யாருக்கும் அனுப்பாதீங்க.

சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு அடிச்சு புகார் குடுத்தாச்சு. 6,500 வருமா வராதான்னு தெரியல, அப்பாகிட்ட இன்னும் சொல்லல.