நாய் பூனையோடு வாடகைக்கு: தடையா, மாதக் காசா, அட்வான்ஸா?

திருகோணமலையில் உவர்மலையிலோ பாலையூற்றிலோ ஓர் அறை, குசினி, விறாந்தை என்று குறைந்த வாடகைக்கு வீடு தேடிப் போனால், "எத்தனை பேர் இருக்கிறீங்கள்?" என்பதற்கு அடுத்த கேள்வி "நாய், பூனை ஏதும் இருக்கோ?" என்பதுதான். வீட்டுச் சொந்தக்காரருக்கு மூன்று வழி உண்டு. வேண்டாம் என்று சொல்லிவிடலாம். மாத வாடகையோடு கொஞ்சம் கூட்டி வாங்கலாம். இல்லையென்றால் திருப்பிக் கொடுக்கும் அட்வான்ஸாகப் பிடித்து வைக்கலாம். மூன்றிலும் கடைசிதான் இரு பக்கத்துக்கும் குறைந்த நட்டம். ஆனால் அதை ஒழுங்காக எழுத வேண்டும்.

தடை செலவில்லாதது போலத் தெரியும். நாய்க்கு அது ஓரளவு சரிவரும், நாயை ஒளித்து வைக்க முடியாது. பூனை விஷயத்தில் அந்தத் தடை தாளில் மட்டும்தான். பின்வாசலால் ஒரு குட்டி வரும், யாரோ சூடை மீன் தலை வைப்பார்கள், பிறகு அது வீட்டுப் பூனை. தடை இருக்கிறது என்பதாலேயே மணல் தட்டு வைக்கமாட்டார்கள், யன்னலில் அடித்த நுளம்பு நெற் கிழிந்தால் சொல்லமாட்டார்கள், கருத்தடைக்குக் கொண்டுபோகமாட்டார்கள். பெண் பூனை ஐந்து மாதத்திலேயே சினைப்படக்கூடும். சினைக்காலம் ஒன்பது கிழமைதான். ஒளித்து வளர்த்த ஒன்று வருடம் முடியுமுன் ஏழெட்டாக நிற்கும்.

தடை நியாயமான இடமும் உண்டு. மச்சம் புழங்காத வீட்டோடு ஒட்டிய அனெக்ஸில் பூனைக்கு மீன் அவிப்பது சரிவராது. நாயின் எச்சில் படக்கூடாது என்று பார்க்கும் முஸ்லிம் குடும்பத்தோடு ஒரே முற்றம், ஒரே கிணறு என்றால் நாய்க்கு இடமில்லை, பூனைக்குப் பெரும்பாலும் ஆட்சேபம் இராது. விளம்பரத்திலேயே சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது.

மாதக் காசைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். வாடகை 25,000 ரூபாய், நாய்க்கென்று 1,500 கூட என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடத்தில் 36,000. ஒரு கீறல்கூட விழாவிட்டாலும் அது திரும்பி வராது. கதவைப் பிராண்டிவிட்டாலோ, "அதுக்குத்தானே மாதாமாதம் கட்டினனான்" என்பார் வாடகைக்காரர், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கும். வாடகையை உயர்த்துவதற்கு நாய்ச்சங்கிலியை ஒரு சாட்டாகப் பிடித்தது, அவ்வளவுதான்.

கனடாவிலிருக்கும் வீட்டுச் சொந்தக்காரர்கள் "இங்க நாய் வேண்டாமெண்டு எழுதினாலே செல்லாது" என்பார்கள். அங்கே ஒன்ராறியோ மாகாணத்தில் அது உண்மைதான். ஆனால் அதே சட்டத்தின்படி அங்கே பிராணிக்கென்று அட்வான்ஸும் வாங்க முடியாது. அந்த உதாரணம் இங்கே உதவாது.

அட்வான்ஸ் பிடிப்பதென்றால் வழமையான அட்வான்ஸோடு கலக்காமல், ஒப்பந்தத்தில் தனி வரியாக, ஒரு மாத வாடகைக்கு மேற்படாமல் எழுத வேண்டும். கையில் மொத்தமாக இல்லாதவரிடம் மூன்று மாதத்தில் பிரித்து வாங்கலாம். எதற்காகப் பிடிக்கிறோம் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும்: நெற், கதவின் கீழ்ப்பாதி, நிலம், உண்ணி.

நெற் சின்ன விஷயம். நைலோன் நெற்றைப் பூனை நூல் நூலாக்கிவிடும், இரும்பு நெற் நம் கடற்காற்றுக்குக் கறள் பிடிக்கும். யன்னலின் கீழ்ப்பாதிக்கு மட்டும் ஸ்ரெயின்லெஸ் ஸ்டீல் நெற் போட்டால் போதும்.

நிலத்தில்தான் ஏமாறுவார்கள். பொலிஷ் போன சீமெந்து மூத்திரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ரைல்ஸ் என்றால் இடுக்கிலுள்ள பூச்சு உறிஞ்சும். பூனை மூத்திரத்திலுள்ள யூரிக் அமிலம் காய்ந்து படிகமாகிவிடும், தண்ணீரில் இலேசில் கரையாது. கச்சான் அடிக்கும் ஆவணியில் வீட்டைக் கையளித்தால் மணமே இராது. கார்த்திகையில் வாடை மழை தொடங்கி நிலம் ஈரமானதும் அறை முழுக்க எழும்பும், அப்போது பழைய ஆள் எங்கேயோ. ஆகவே கையளிக்கும் நாளில் மூலைகளில் தண்ணீர் தெளித்து, கதவு யன்னலைச் சாத்தி, ஒரு மணித்தியாலம் கழித்துத் திறந்து மணந்து பாருங்கள். மணம் இருந்தால் குளோரின் ஊற்றக்கூடாது. மூத்திரத்திலுள்ள அமோனியாவோடு சேர்ந்து நெஞ்சை அடைக்கும் நச்சு வாயு வரும். என்சைம் கலந்த கழுவியை ஊற்றி, ஊறவிட்டு, தானாகக் காயவிட வேண்டும். அதற்கும் போகாவிட்டால் நிலத்தை நன்றாகக் காயவைத்து, சீலர் பூசி அடைப்பதுதான் வழி.

உண்ணி இதைவிட மோசம். நாயில் இரத்தம் குடித்த பெண் உண்ணி விழுந்து, சுவரேறி, வெடிப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பசியோடு பல மாதம் கிடக்கும். நாய் போன பிறகு வரும் குடும்பத்தின் காலில்தான் ஏறும். மருந்தை ஒரு தரம் மட்டும் அடித்துவிட்டு நிறுத்தக்கூடாது. முட்டையில் அது அவ்வளவாக எடுபடாது என்பதால் இரண்டு மூன்று கிழமை கழித்துத் திரும்ப அடித்து, வெடிப்புகளைச் சீமெந்து பூசி மூட வேண்டும். இந்தச் செலவை முதலே கேட்டு விசாரித்து ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் பிறகு பேரம் இல்லை.

"சின்ன நாய் மட்டும்" என்ற நிபந்தனையால் பிரயோசனமில்லை. பகல் முழுக்கத் தனியே, தகரக் கூரைக்குக் கீழ் கட்டிக் கிடக்கும் நாய் எந்த அளவாக இருந்தாலும் இரவில் குரைக்கும். கேட்க வேண்டியது வேறு: வருடா வருடம் விசர்நாய்த் தடுப்பூசி போட்ட அட்டை, கருத்தடை செய்த துண்டு, எத்தனை என்ற எண்ணிக்கை, நிழலும் தண்ணீரும் உள்ள கட்டும் இடம். நாய்ப் பதிவு 1901ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது, புதுக் கெடுபிடி அல்ல. நாயை அவிழ்த்து விடுவதில்லை என்றும் ஒரு வரி வேண்டும். கோட்டைப் பக்கத்திலிருந்து தெருவுக்கு வரும் மான்களை அது துரத்தினால் பதில் சொல்ல வேண்டியவர் நாயின் சொந்தக்காரர்தான்.

பூனைக்கு, அகன்ற பேசினில் இரண்டு அங்குலம் மணல். ஒவ்வொரு நாளும் அள்ள வேண்டும். மலத்தோடு வரும் டொக்ஸோபிளாஸ்மா கிருமி தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது எடுக்கும், அதற்குள் அகற்றினால் ஆபத்துக் குறைவு. கர்ப்பிணி இருந்தால் வேறொருவர் அள்ளட்டும். அந்த மணலைக் கக்கூசில் கொட்டினால் பைப் அடைக்கும், கிணற்றடியிலும் கொட்டக்கூடாது. பையில் கட்டிக் குப்பையோடு போடுங்கள்.

வரும் நாளில் இருவரும் நின்று நெற், கதவு, மூலை, வெடிப்பு நான்கையும் போனில் படமெடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளுங்கள். போகும் நாளில் அதே இடங்களை அதே கோணத்தில் எடுத்து, பக்கத்தில் வைத்துப் பார்த்து, கழிக்க வேண்டியதைக் கழித்து மிச்சத்தை அன்றைக்கே கையில் கொடுங்கள்.